பழைய எண்ணெய் இஞ்சினும் துரு நீக்கும் திராவகமும்

விவசாயக் கருவிகளுக்கு உழைப்பினால் உண்டாகும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும்; அதற்கு வருஷந்தோறும் சிறிது பணம் ஒதுக்கி வைக்கும் வழக்கமும் மிராசுதாரர்களிடம் உண்டு. ஆனால் உழைப்பின்றிக் கிடப்பதனால் உண்டாகும் நஷ்டத்தைக் கணக்கில் எழுதுவார் இல்லை. கொட்டகையின் ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் பழைய எண்ணெய் இஞ்சின், ஒரு நாழிகையும் ஓடாமலே ஆண்டுதோறும் தன் விலையை இழந்துகொண்டே வருகின்றது. அவ்விழப்புக்குக் காரணம் துரு. அத்துருவை நீக்குவதற்கென நம்மவர் கையாளும் கடுந்திராவகம், பல இடங்களில் துருவைக் காட்டிலும் மிகுந்த கேட்டைச் செய்து வருகின்றது. இது பற்றி என் அபிப்பிராயத்தை நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் தெரிவிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இஞ்சின்கள் மூலைக்குப் போன வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுவது பொருந்தும். சென்னை மாகாணத்தில் எண்ணெய் இஞ்சின் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் பரிசோதித்துப் பரப்பினார். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்த பின் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார்கள் இடம் பெறலாயின. எனினும் கம்பி செல்லாத ஊர்களில் இஞ்சினே துணையாயிருந்தது. இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் செய்த மந்தகதி இஞ்சின்களும், அவற்றின் மாதிரியைப் பின்பற்றி ராஜ்கோட்டில் வார்க்கப்பட்டவையும், 1946-ல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் எண்ணெய் இஞ்சின் கம்பெனியாரின் இஞ்சின்களும் நம் கிணற்றடிகளில் நெடுங்காலம் உழைத்தன. பின்னர் கம்பி எல்லா ஊர்களுக்கும் சென்றது. 1990-ல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. அதன் பின் இஞ்சினுக்கு டீஸல் வாங்குவார் குறைந்தனர். இதில் குற்றம் கூறுவதற்கு ஒன்றுமில்லை. குற்றம், பயனற்றதென்று எண்ணி அதனைப் பாதுகாப்பின்றி விட்டதிலேயே உள்ளது.

அது பயனற்றதன்று என்பதை 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயல் நன்கு உணர்த்திற்று. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் மின்கம்பங்கள் ஒரு லக்ஷத்துக்கு மேல் சாய்ந்தும் முறிந்தும் போயின. மின்சாரம் திரும்ப வருவதற்குப் பல கிராமங்கள் பல நாட்கள் காத்திருந்தன. கிணற்றில் நீர் இருந்தது, மோட்டாரும் இருந்தது, மாட்டுக்கும் மனிதருக்கும் குடிக்க நீர் ஏற்றத்தான் வழியில்லை. அத்தகைய நாளில் ஓடக்கூடிய ஓர் இஞ்சின் ஊரில் இருப்பின் அதன் மதிப்பு என்ன என்பதைப் பழைய இரும்புக் கடைக்காரரின் தராசு சொல்லாது. புயல் நம் கரைக்குப் புதியதன்று, இனியும் வரும். ஆகவே, பழைய இஞ்சினை வைத்திருக்கத்தக்கதா என்னும் வினாவுக்கு, திருத்தத்தக்கதாயின் வைத்திருக்க வேண்டும் என்பதே என் விடை. திருத்தத்தக்கதா என்பதை அறியத் துருவை நீக்கியாக வேண்டும்.

துரு என்பது யாது?

இரும்பு, காற்றும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பிராணவாயுவோடு கூடி வேறு பொருளாக மாறுகின்றது, அதுவே துரு. கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இதனை விரைவுபடுத்தும். துரு இரும்பின்மேல் படிந்த அழுக்கன்று, இரும்பே உருமாறியதாகும். ஆதலால் துருவை எவ்வளவு நன்றாக நீக்கினாலும் போன இரும்பு திரும்பி வாராது. இன்னொன்று: துருவானது தான் உண்டான இரும்பைக் காட்டிலும் பல மடங்கு அதிக இடத்தைக் கொள்ளும். இதனாலேயே பிஸ்டன் லைனருக்குள் இறுகிப் போகின்றது. நட்டு போல்ட்டில் கெட்டிப்படுகின்றது. இவ்விரண்டு விஷயங்களையும் மனத்திற் கொண்டால், துரு நீக்குவதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எவ்வளவு எதிர்பார்க்கலாகாது என்பது விளங்கும்.

கடுந்திராவகத்தின் தீமை

நம் கிராமங்களில் துரு நீக்குவதற்குப் பெரும்பாலோர் தேடிச் செல்வது ஹைட்ரோகுளோரிக் ஆஸிட் எனப்படும் உப்புத் திராவகத்தையே. கக்கூஸ் கழுவும் ஆஸிட் என்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் அதுவே அடங்கியுள்ளது. பட்டறைக்காரர்கள் இதனை ஆதரித்துக் கூறுவது யாதெனில், வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், உலோகம் வெள்ளி போல் வெளுத்துவிடும் என்பது. இவ்விரண்டும் மெய்யே. ஆயினும் அவர்கள் சொல்லாது விடுவன சில உள்ளன.

முதலாவது, இத்திராவகத்துக்குத் துரு இன்னது, இரும்பு இன்னது என்ற பேதம் அதிகம் இல்லை. துரு தீர்ந்தவுடன் நல்ல இரும்பை அரிக்கத் தொடங்கும். பக்கத்தில் ஆள் நின்று கவனியாவிடில் பாகத்தின் அளவே குறைந்து போகும். வார்ப்பிரும்பாயின் இரும்பு கரைந்து அதனுள் உள்ள கரி மாத்திரம் கறுப்பாக மேலே நிற்கும். இரண்டாவது, வார்ப்பிரும்பின் நுண்ணிய குழிகளில் திராவகம் தங்கிவிடும். மேலே எத்துணை கழுவினாலும் உள்ளே தங்கியது சில நாட்களில் வெளிவந்து முன்னிலும் மோசமான துருவை உண்டாக்கும். மூன்றாவது, அதிலிருந்து எழும் ஆவி கொட்டகை முழுவதும் பரவி, திராவகத்தில் போடாத நல்ல கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். துரு நீக்கிய இடத்திலேயே மண்வெட்டி, ஸ்பானர், மோட்டாரின் செப்புக் கம்பி முதலியன கெட்டுப் போவதைப் பல ஊர்களில் காணலாம். நான்காவது, திராவகம் இரும்பைத் தின்னும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு கடின எஃகினுள் புகுந்து அதனை நொறுங்குந் தன்மை உடையதாக்கும். வால்வு ஸ்பிரிங், கனெக்டிங் ராடு போல்ட் ஆகியவை பார்வைக்குப் பளபளப்பாயிருந்து ஓட்டத்தில் ஒடிந்து போவதற்கு இது ஒரு காரணமாகலாம். ஓட்டத்தில் கனெக்டிங் ராடு போல்ட் ஒடிந்தால் இஞ்சின் முழுவதும் உடைந்து போகும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது தெய்வாதீனம்.

ஐந்தாவது, ஆளுக்கு உண்டாகும் அபாயம். திராவகம் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று நம் கொட்டகைகளிலேயே காத்திருக்கின்றது. கிணற்று நீரைச் சுத்தி செய்ய வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர் பல இடங்களில் அதே பலகையின்மேல் வைக்கப்பட்டிருக்கின்றது. பிளீச்சிங் பவுடரும் உப்புத் திராவகமும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். காற்றோட்டமற்ற சிறு கொட்டகையில் அது உயிரைப் போக்கும். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைக்கலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் எல்லோருக்கும் எடுத்துரைக்க வேண்டும். ஆஸிட்டை யாரும் எங்கும் வாங்கலாம் என்ற நிலையும் இப்போது இல்லை. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத்தார் இட்ட உத்தரவின்படி, விற்பவர் பதிவேடு வைத்திருக்கவும், வாங்குபவர் அடையாளச் சீட்டும் காரணமும் காட்டவும் கடமைப்பட்டுள்ளனர்.

இவ்வளவு தீமையையும் ஏற்றுக்கொண்டு நாம் பெறுவது என்ன? சில நாட்கள் மிச்சம். பத்து வருஷம் மூலையில் கிடந்த இஞ்சினுக்குப் பத்து நாட்களை மிச்சப்படுத்துவதால் யாருக்கு என்ன லாபம்? சம்பளத்துக்கு வேலை செய்யும் பட்டறைக்காரருக்கு நேரம் பணமாகலாம். அறுவடை முடிந்து சித்திரை, வைகாசியில் ஓய்ந்திருக்கும் மிராசுதாருக்குக் காத்திருப்பதில் செலவு ஒன்றும் இல்லை. ஆகவே விவசாயிக்கு ஏற்றது மெதுவான, மெல்லிய கரைசலே என்பது என் துணிபு.

மெல்லிய கரைசல்கள்

இவற்றுள் எளிதில் கிடைப்பது எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் ஸிட்ரிக் ஆஸிட். லிட்டர் ஒன்றுக்கு 50 கிராம் வீதம் நீரில் கரைத்து, பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றிப் பாகங்கள் முழுவதும் மூழ்கும்படி வைத்தல் வேண்டும். துத்தநாகம் பூசிய வாளி உதவாது, பூச்சு கரைந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துத் தேங்காய் நாரினாலோ கம்பி பிரஷினாலோ தேய்த்துப் பார்த்து, துரு போனவுடன் நிறுத்திவிட வேண்டும். லேசான துருவுக்கு ஓர் இரவு போதும். இதுவும் ஓர் அமிலமே. நாட்கணக்கில் மறந்து விட்டால் இரும்பை அரிக்கும். எனினும் ஒரு மணி நேரத்தில் கேட்டைச் செய்துவிடும் வேகம் இதற்கு இல்லை. மூச்சை அடைக்கும் ஆவியும் இல்லை.

இரண்டாவது, சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகாகிய மொலாஸஸ். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து அதில் பாகங்களை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஊறப்போட்டால், அதிலுள்ள பொருள்கள் துருவைப் பற்றி இழுத்துக் கரைத்துவிடும். வெயில் காலத்தில் இது விரைவாக வேலை செய்யும். நாற்றமும் ஈயும் இதன் குறைகள். இனிப்பு வாசனைக்கு மாடும் ஆடும் வந்து வாய் வைக்குமாதலால் தொட்டியைக் கனமான பலகையால் மூடிக் கல் ஏற்றி வைக்க வேண்டும். மேலும் மொலாஸஸை வைத்திருப்பதும் கொண்டு செல்வதும் நம் நாட்டில் 1958-ஆம் வருஷத்து விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டவை. அனுமதியுடன் பெற்றவர்கள் மாத்திரமே இதனைக் கையாளலாம். மற்றவர்களுக்கு எலுமிச்சை உப்பே நேரான வழி.

மூன்றாவது, சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துருவை விடுவிக்கும் முறை. லிட்டருக்கு 5 கிராம் அளவு சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் கழித்தல் முனையிலும், பயனற்ற இரும்புத் தகடு ஒன்றைக் கூட்டல் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். இம்முறையில் நல்ல இரும்பு அரிக்கப்படுவதில்லை. மறந்து ஒரு நாள் கூடுதலாக விட்டாலும் அளவு குறையாது. கரடுமுரடாகத் துரு ஏறிய பெரிய வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு இதுவே சிறந்தது. ஆனால் மூன்று எச்சரிக்கைகள். ஹைட்ரஜன் வாயு எழுமாதலால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, சுருட்டு, அடுப்பு ஆகா. கூட்டல் முனையில் எவர்சில்வர்த் துண்டைக் கட்டலாகாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாக மாறி நீரில் கலக்கும். இணைப்பை மாற்றுமுன் சார்ஜரை நிறுத்திவிட வேண்டும். சார்ஜரை நீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

எந்த முறையாயினும், வெளியே எடுத்தவுடன் செய்யும் வேலையே முடிவை நிர்ணயிக்கும். கரைசலில் ஊறிய பாகத்தைச் சிறிது சோடா கலந்த நீரில் அலசி, பின் சுத்த நீரில் கழுவி, கொதிநீர் ஊற்றி வெயிலில் உலர்த்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவிவிட வேண்டும். அப்படியின்றி இரவு முழுவதும் ஈரத்துடன் விட்டால், புதிய இரும்பின்மேல் காலைக்குள் மஞ்சள் துரு படர்ந்திருக்கும். பட்ட பாடு வீண்.

எதனைப் போடலாகாது?

பாகம் எவ்வுலோகம் என்று தெரியாமல் தொட்டியில் போடுவதே பெரும்பாலான நஷ்டத்துக்குக் காரணம். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு: ஒரு காந்தத் துண்டு. காந்தம் ஒட்டாத எதனையும் கரைசலில் போட வேண்டாம். சில இஞ்சின்களில் பிஸ்டன் வார்ப்பிரும்பு, சிலவற்றில் அலுமினியம். அலுமினியம் மேற்கூறிய மூன்று தொட்டிகளுக்கும் ஆகாது. காஸ்டிக் சோடாவிலோ கண்முன்னே கரைந்துவிடும். வெள்ளை உலோகம் பூசிய பேரிங்குகளையும் வெண்கலப் புஷ்களையும் மண்ணெண்ணெயில் கழுவினால் போதும். பேரிங்குக்குப் பின்புறம் இரும்பு ஓடு இருப்பின் காந்தம் ஒட்டும், அதனால் ஏமாறலாகாது.

டீஸல் பம்பும் நாஸிலும் காந்தம் ஒட்டுபவையாயினும் எக்கரைசலிலும் போடத்தகாதவை. பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. அந்த மேற்பரப்பைக் கரைசல் சிறிது தீண்டினாலும் டீஸல் கசிந்து, இஞ்சின் புறப்படாது. ஓர் ஊரில் பட்டறை ஒன்றில் இஞ்சினைப் பிரித்து, டீஸல் பம்பு உட்பட எல்லாவற்றையும் ஒரே ஆஸிட் தொட்டியில் போட்டு எடுத்ததை நான் பார்க்க நேர்ந்தது. இஞ்சின் புதியது போல் விளங்கிற்று. ஆனால் ஒரு முறையேனும் வெடித்துப் புறப்படவில்லை. பம்பு புதிதாக வாங்கிய பின்னரே ஓடிற்று. துரு அப்பம்பைத் தொடவே இல்லை என்பதுதான் வருந்தத்தக்கது. டீஸல் பம்பைச் சுத்தமான டீஸலில் ஊறப்போட்டு, பின் அதில் தேர்ந்த பட்டறையிடம் ஒப்புவிப்பதே முறை. ஸ்பிரிங்குகளையும் கனெக்டிங் ராடு போல்ட்டுகளையும் மண்ணெண்ணெயால் துடைத்துப் பார்த்துக் குழி விழுந்திருப்பின் புதியது மாற்ற வேண்டும். அவற்றின் விலை சொற்பம்.

பிஸ்டன் இறுகியிருந்தால் சம்மட்டி எடுக்க வேண்டாம். ஸிலிண்டருக்குள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் சமமாகக் கலந்து ஊற்றிப் பத்துப் பதினைந்து நாட்கள் விட்டு, மேலே மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி, பிளைவீலை இரு புறமும் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலானவை இளகும். வெளிவந்த பின் லைனரில் பிஸ்டன் ரிங் ஓடும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டும்படியான குழிகள் இருப்பின் எக்கரைசலும் அதனைச் சமப்படுத்தாது. லேத் பட்டறையில் கடைவதோ லைனரை மாற்றுவதோதான் வழி. லிஸ்டர் மாதிரி 6 குதிரைச் சக்தி இஞ்சினின் லைனர் நாலரை அங்குல விட்டமுள்ளது, கழற்றி மாற்றத்தக்கது.

தண்ணீர்ச் சுற்றறை

இஞ்சினைப் பிரியாமலே கரைசலால் பெரும் பயன் அடையத்தக்க இடம் ஒன்றுண்டு. ஸிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் அறையில், நம் உவர்க்கிணற்று நீரின் சுண்ணப் படிவும் துருவும் சேர்ந்து கல்லாகப் படிந்திருக்கும். இதனால் இஞ்சின் சூடேறி எண்ணெய் எரிந்து பிஸ்டன் பிடிக்கின்றது. மேற்கூறிய எலுமிச்சை உப்புக் கரைசலை அவ்வறையில் நிரப்பி, நுரை எழுவதற்கு இடம் விட்டு ஓர் இரவு வைத்துக் காலையில் வடித்து, பலமுறை நீரால் அலசினால் படிவு பெரிதும் கரைந்துபோகும். தேவையாயின் மறுமுறை செய்யலாம். துருவே அடைத்துக் கொண்டிருந்த துளை ஏதேனும் இருப்பின் இதற்குப்பின் ஒழுகத் தொடங்கும். இதனைக் கரைசலின் குற்றமென்று கொள்ளலாகாது. மறைந்திருந்த நோய் வெளிப்பட்டதென்று கொண்டு அதனை அடைத்துவிட வேண்டும்.

துரு போனபின் தெரிவது

துரு நீக்குவதன் தலையாய பயன் அழகன்று. குறை தெரிவதே ஆகும். முக்கியமாகப் பிளைவீலைப் பரிசோதிக்க வேண்டும். அதன் ஆரங்கள் குடத்தோடு சேரும் இடத்தையும் சாவிப் பள்ளத்தையும் நன்கு துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு உலரத் துடைத்துச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினால், விரிசல் இருப்பின் உள்ளே புகுந்த எண்ணெய் வெளிவந்து பொடியில் கோடாகத் தெரியும். விரிசலுள்ள பிளைவீலை ஒட்டவைத்து ஓட்டுவதென்பது கூடவே கூடாது; அதனைப் பழைய இரும்புக்கே அனுப்ப வேண்டும். இந்த ஒன்றில் மாத்திரம் சிக்கனம் பாராட்டலாகாது.

அடுத்தது கவர்னர். அதன் நெம்புகோல்களும் டீஸல் பம்பின் ராக்கும் துருவினால் இறுகியிருந்து, அதை அறியாமல் இஞ்சினைக் கிளப்பினால், வேகம் அளவின்றி ஏறி நிறுத்த முடியாமற் போகும். ஆகவே முதல் ஓட்டத்துக்குமுன் இவை கையால் தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்த பின்னரே தீ மூட்ட வேண்டும். முதல் ஓட்டத்தின்போது ஓர் ஆள் காற்று வாங்கும் குழாயின் வாயை அடைக்கத்தக்க மரப்பலகையுடன் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பிளைவீலுக்கு நேராக யாரும் நிற்கலாகாது.

கழிவை எங்கே கொட்டுவது?

வேலை முடிந்ததும் தொட்டியை அப்படியே வாய்க்காலில் கவிழ்ப்பது நம்மவர் வழக்கம். கொட்டகை பெரும்பாலும் கிணற்றை ஒட்டியே இருப்பதால் அது கிணற்றிலேயே கொட்டுவதற்கு ஒப்பாகும். பழைய இஞ்சின்களின் வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். துருவோடு எண்ணெயும் கலந்திருக்கும். கழிவுக் கரைசலில் சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நுரை அடங்கச் செய்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடிவண்டலைத் தனியே சாக்கில் கட்டி வைத்துவிட வேண்டும். தெளிந்த நீரைக் கிணறு, குட்டை, வாய்க்கால், காய்கறிப் பாத்தி இவற்றுக்குத் தொலைவில் மேட்டு நிலக் குழியில் விடலாம். ஓர் இஞ்சினைக் காப்பதற்காக ஒரு கிணற்றைக் கெடுத்துக் கொள்வது புத்திசாலித்தனமாகாது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இதுகாறும் கூறியவை ஒவ்வொரு மிராசுதாரும் தனியே செய்யத்தக்கவை. எனினும் புயலும் வறட்சியும் தனி ஆளுக்கு வருபவை அல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் திருத்தத்தக்க இஞ்சின் எத்தனை, அவை யாரிடம் உள்ளன, எவற்றுக்கு எப்பாகம் குறைகின்றது என்பவற்றைக் கிராம நிர்வாக அதிகாரியும் பஞ்சாயத்தாரும் ஒரு ஜாபிதாவாக எழுதி வைப்பது கடினமன்று. ஒரே மாதிரியான இரண்டு இஞ்சின்கள் இருப்பின் ஒன்றன் பாகங்களைக் கொண்டு மற்றொன்றை ஓடச் செய்யலாம். கோடையில் ஒரு நாள் பிர்க்கா தோறும் எல்லோரும் கூடி, ஒரே தொட்டியில் துரு நீக்கி, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பரிசோதித்துக் கொள்ளலாம். அதற்குப்பின் மாதம் ஒரு முறை பத்து நிமிஷம் ஓட்டி, நிறுத்தியபின் எண்ணெய் தடவி மூடி வைத்தால் இனித் துரு நீக்கும் தேவையே பெரும்பாலும் எழாது.

செலவை எண்ணித் தயங்குவோருக்கு ஒன்று கூறுவேன். எல்லா இஞ்சினையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சியன்று. கிராங்கு ஷாப்டு ஒடிந்ததையும், பிளைவீல் விரிந்ததையும், ஸிலிண்டர்ப் பிளாக் பிளந்ததையும் தாராளமாக விற்றுவிடுங்கள். டீஸல் செலவு மின்சாரத்தைவிட அதிகம் என்பதும் தெரிந்ததே. நாள்தோறும் இஞ்சினால் இறைக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆனால் துருப்பிடித்தது என்ற ஒரே காரணத்துக்காக விற்பதும், துருவைப் போக்குகிறேன் என்று ஒரு மணி நேரத்தில் திராவகத்தால் கெடுப்பதும் ஒரே முடிவைத் தருவனவாம். முன்னது நல்ல இஞ்சினை எடைக்கு விற்பது. பின்னது அதனை எடைக்கு விற்கத்தக்கதாகச் செய்வது.

இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தத்தம் கொட்டகையில் கிடக்கும் இஞ்சினின் சாக்கை நீக்கி, ஒரு காந்தத் துண்டும் அரைக் கிலோ எலுமிச்சை உப்பும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குமாறு மிராசுதாரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அரைக் கிலோவுக்குப் பத்து லிட்டர் கரைசல் கிடைக்கும். சிறு பாகங்களுக்கு அது போதும். மற்றவற்றைப் பொறுமை செய்துவிடும்.